ஹாலிஹாக் விதை வாங்கும் முன்: உலு திராம் வாசலில் எது பூக்கும்?

தோட்டத்து லயன் வீடுகளில் வாசல் என்றால் செம்பருத்தி, துளசி, ஓரமாக நாலு வெண்டைச் செடி. உலு திராமில் தாமான் வீடுகளுக்குக் குடிவந்தவர்களுக்கு அந்த இடம் கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையாகிவிட்டது. வேலியோரம் இரண்டடி மண்ணும் சில தொட்டிகளும்தான் மிச்சம். அதில் வராத செடியை வைத்து ஆறு மாதம் காத்திருப்பது விதைக் காசைவிடப் பெரிய நஷ்டம்.

இயங்கலையில் பலரையும் இழுக்கும் பொட்டலம் ஹாலிஹாக். இங்கிலாந்துக் கிராமத்து வீடுகளின் சுவரோரம் ஆறடி, எட்டடி உயரத்துக்கு நிமிர்ந்து, தண்டு முழுவதும் அகன்ற பூக்களைத் தாங்கி நிற்கும் செடி. படத்தைப் பார்த்தால் ஆசை வரத்தான் செய்யும்.

விதை இங்கும் முளைக்கும், பூப்பதில்தான் சிக்கல். வழக்கமான ஹாலிஹாக் ரகங்கள் முதல் ஆண்டு இலை மட்டுமே விடும். குளிர்காலம் கடந்த பிறகு, இரண்டாம் ஆண்டில்தான் பூந்தண்டு எழும்பும். உலு திராமில் இரவு வெப்பமே பொதுவாக 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. விதைத்த ஆண்டிலேயே பூக்கும் ரகங்களும் விற்கப்படுகின்றன. ஆனால் அவையும் 16 மணி நேரத்துக்கு மேல் நீளும் ஐரோப்பியக் கோடைப் பகலுக்குப் பழகியவை. இங்கே ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். போதாக்குறைக்கு, மழைநீர் தேங்கும் மண்ணில் அதன் வேர் அழுகிவிடும்.

வெளிநாட்டு விற்பனையாளரிடம் விதை வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1976ஆம் ஆண்டு தாவரத் தனிமைப்படுத்தல் சட்டத்தின்படி விதை இறக்குமதிக்கு அனுமதி தேவை; அதைக் கவனிப்பது மக்கிஸ் எனும் அரசுத் துறை. பூவிதைக்குக் கூடவா என்று கேட்கலாம். பால்மரம் சீவிய குடும்பங்களுக்குக் காரணம் எளிதில் புரியும். 1928இல் ஹென்றி ஃபோர்டு பிரேசிலில் தொடங்கிய ரப்பர் தோட்டத்தை நலியவைத்தது தென் அமெரிக்க இலைக்கருகல் நோய். அது இங்கே நுழையாதிருக்கவே, வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வரும் செடிகளுக்கு இந்தச் சட்டத்தின் விதிகளில் தனிக் கட்டுப்பாடு உண்டு.

அதே அழகு வேண்டுமானால் ஹாலிஹாக்கின் உறவுகளைத் தேடலாம். செம்பருத்தி, வெண்டை, பருத்தி, பூவரசு எல்லாம் அதே குடும்பம். இன்றைய தாவரவியல் வகைப்பாட்டில் டுரியானும் அதில் சேர்த்தி!

இவற்றில் ஹாலிஹாக் போலவே நிமிர்ந்து வளர்ந்து, தண்டோடு ஒட்டிப் பூப்பவை வெண்டையும் ரோசெல் எனும் சிவப்புப் புளிச்சையும். வெண்டையின் வெளிர்மஞ்சள் பூவுக்கு நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு இருக்கும். ரோசெல்லோ பகல் குறுகினால் பூக்கும் இனம். ஹாலிஹாக்குக்குப் போதாத நமது 12 மணி நேரப் பகல் இதற்கு நன்றாகவே பொருந்துகிறது.

வெண்டை விதையின் தோல் கெட்டி. முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் ஊன்றினால் நான்கு முதல் ஏழு நாளில் முளைக்கும். ஒன்றரை அடி இடைவெளி போதும். ரோசெல்லுக்கு மூன்றடி வேண்டும். தொட்டியானால் ஓரடி ஆழமாவது இருக்கட்டும். ஜொகூர் செம்மண் மழையில் கரைந்து புளிப்பேறியது. ஆகவே விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பே கொஞ்சம் சுண்ணாம்பும் மக்கிய உரமும் கலந்து வைப்பது நல்லது. நவம்பரில் தொடங்கும் பருவமழையில் நேரடியாக விதைத்தால் நாற்று அடித்துச் செல்லப்படலாம். வெயில் குறைந்தது ஆறு மணி நேரம் வேண்டும்.

ஏறக்குறைய ஆறு, ஏழு வாரத்தில் வெண்டை பூக்கும். பூத்த ஐந்தாறு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும், இல்லையேல் நார் ஏறிவிடும். விதைக்கென்று ஒன்றிரண்டு காயைச் செடியிலேயே காயவிடலாம். சந்தையில் வாங்கிய பிஞ்சுக் காயின் விதை முளைக்காது. கலப்பின விதையில் வந்த செடி, மறுமுறை அதே குணத்தோடு வராது.

செம்பருத்தியை மட்டும் விதையில் முயல வேண்டாம். வீட்டு ரகங்கள் விதை வைப்பதே அரிது. பென்சில் பருமனுள்ள குச்சியை நட்டாலே வேர் பிடிக்கும். 1960இல் தேசிய மலரானது இதுதான். ஐந்து இதழ்களும் ருக்குன் நெகாராவின் ஐந்து கோட்பாடுகள் என்பார்கள். அந்தக் கோட்பாடுகள் வந்தது என்னவோ 1970இல்தான்.

தொட்டியின் அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை வாரம் இருமுறையாவது கொட்டிவிட வேண்டும். ஏடிஸ் கொசு அங்கே முட்டையிடும்; சோதனையில் புழு அகப்பட்டால் வீட்டுக்காரருக்கு அபராதமும் உண்டு. தட்டில் மணலை நிரப்பிவிடுவது இன்னும் சுலபம்.