மன்னார்க் கரையும் இருவகை எஞ்சின்களும்

மன்னார் என்றதும் மாதோட்டத் துறைமுகமும் திருக்கேதீச்சரமும் முத்துக்குளிப்பும் நம் நினைவுக்கு வருகின்றன. வரலாற்று நூல்களும் பெரும்பாலும் இவற்றோடு நின்றுவிடுகின்றன. ஆயின், விடியற்பொழுதில் பேசாலைக் கரையில் நிற்பவரின் செவியில் முதலில் விழுவது, கரைதிரும்பும் படகுகளின் எஞ்சின் இரைச்சலே. கண்ணாடியிழைப் படகுகளின் பின்னணியத்தில் பொருத்தப்பட்ட அவ்வெளியிணைப்பு எஞ்சின்களிற் பெரும்பாலானவை ஈரடிப்பு எஞ்சின்கள். அதே கடலில் ஓடும் இழுவைப் படகுகளை இயக்குவனவோ நான்கடிப்பு டீசல் எஞ்சின்கள். இக்கரை மக்கள் ஈரடிப்பு எஞ்சினைக் கைக்கொண்டது எவ்வாறு? அத்தெரிவு உண்மையில் எவருடையது? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இவ்விரு எஞ்சின்களின் வேறுபாட்டைச் சுருக்கமாக நோக்குவோம். 1876ஆம் ஆண்டில் செருமானியரான நிக்கொலஸ் ஒட்டோ செயற்படுத்திக் காட்டிய நான்கடிப்பு எஞ்சினில் உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என்னும் நான்கு செயல்களுக்கும் முசலம் நான்கு முறை அசைய வேண்டும். ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த டூகல்ட் கிளார்க் 1870களின் இறுதியில் உருவாக்கிய ஈரடிப்பு எஞ்சின் அதே வேலையை இரண்டு அசைவுகளில் முடித்தது. ஆங்கிலேயரான யோசப் டே 1890களின் தொடக்கத்தில் அதனை மேலும் எளிதாக்கினார். இவ்வகைச் சிறிய எஞ்சினில் வால்வுகள் இல்லை. உருளையின் சுவரிலுள்ள துளைகளே வால்வுகளின் வேலையைச் செய்கின்றன. உறுப்புகள் குறைவு, எனவே பாரமும் குறைவு, விலையும் குறைவு. 1909இல் ஓலே எவின்றூட் அமெரிக்காவில் விற்பனைக்கு விட்ட வெளியிணைப்பு எஞ்சினும் ஈரடிப்பு வகையினதே.

இந்த எளிமைக்கு ஒரு விலையும் உண்டு. புதிய எரிபொருட் கலவை உருளையினுள் நுழையும்போது எரிந்த புகையின் வழி இன்னும் திறந்தே இருக்கிறது. ஆதலால் கலவையின் ஒரு பகுதி எரியாமலே வெளியேறுகிறது. இவ்வாறு வீணாவது சில வேளைகளில் நாலிலொரு பங்கையும் எட்டக்கூடும். உராய்வைத் தணிக்கும் எண்ணெயும் எரிபொருளோடு கலந்து எரிவதால் நீலப் புகை எழுகிறது. எரியாத எண்ணெய் கடலிற் படிகிறது. நான்கடிப்பு எஞ்சின் இவ்விரு குறைகளையும் பெரிதும் தவிர்க்கிறது. ஏட்டளவில் நோக்கின், சிக்கனத்தை நாடும் ஏழை மீனவர் நான்கடிப்பையே தேர்ந்திருக்க வேண்டும். நடந்தது அதுவன்று.

இலங்கையில் மீன்பிடியை இயந்திரமயமாக்கும் முயற்சி 1950களில் அரசின் ஆதரவோடு தொடங்கிற்று. அதுவரை கட்டுமரமும் வள்ளமும் தோணியும் பாயையும் துடுப்பையும் நம்பி ஓடின. சோளகக் காற்றும் வாடைக் காற்றுமே தொழிலின் நாட்குறிப்பை வகுத்தன. அரசின் திட்டத்தில் முதலில் முக்கியத்துவம் பெற்றவை உள்ளிணைப்பு டீசல் எஞ்சின் பூட்டிய மூன்றரைத் தொன் படகுகள். பேசாலையில் இவ்வகைப் படகுகள் பின்னர் இழுவைமடித் தொழிலுக்கும் பயன்பட்டன. ஆயினும் அத்தகைய படகை வாங்கப் பெருமுதல் வேண்டும். நிறுத்தி வைக்கத் தகுந்த துறையும் வேண்டும். இவ்விரண்டும் எல்லாக் கிராமங்களுக்கும் வாய்க்கவில்லை.

1960களின் பிற்பகுதியிலிருந்து கண்ணாடியிழைப் படகுகள் பரவத் தொடங்கின. நோர்வே மக்களின் உதவியுடன் உருவான சீநோர் நிறுவனம் காரைநகரில் படகுத் தளமொன்றை அமைத்தது வடபகுதியின் மீன்பிடி வரலாற்றில் ஒரு திருப்பமாகும். ஏறத்தாழ பதினெட்டு அடி நீளமான இச்சிறு படகுகளுக்கு ஈரடிப்பு வெளியிணைப்பு எஞ்சின் இயல்பான துணையாயிற்று.

இதற்கு மன்னாரின் புவியியலே முதற் காரணம் எனலாம். பாக்குநீரிணையை அடுத்த கடல் ஆழங் குறைந்தது. தலைமன்னாருக்கு மேற்கே இராமேசுவரம் நோக்கி நீளும் மணல் தீடைகளில் நீர் முழங்காலளவே நிற்கும் இடங்களும் உள. அங்கே வெளியிணைப்பு எஞ்சினைச் சாய்த்து உயர்த்திப் படகைத் தள்ளிச் செல்லலாம். படகை மணலில் ஏற்றிவிட்டு எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு செல்லலாம். வாடைக் காலத்தில் தீவின் வடகரையும் சோளகக் காலத்தில் தென்கரையும் கொந்தளிக்கும்போது தொழிலை மறுகரைக்கு மாற்றலாம். பாரமான எஞ்சினுக்கு இவை எளிதல்ல.

இரண்டாவது காரணம் எரிபொருள். இவ்வெஞ்சின்களிற் பல மண்ணெண்ணெயில் ஓடுவதற்கென அமைக்கப்பட்டவை. பெற்றோலில் முடுக்கிச் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது வழக்கம். ஏழைகளின் விளக்கெண்ணெய் என்பதால் மண்ணெண்ணெயின் விலையை அரசு நெடுங்காலம் தாழ்வாகவே வைத்திருந்தது. எஞ்சின் வீணாக்கிய எரிபொருளின் இழப்பை அம்மலிவு ஈடுசெய்தது. வெளியிணைப்பு வகையிற் கிடைக்கும் நான்கடிப்பு எஞ்சின்களோ பொதுவாகப் பெற்றோலையே வேண்டுவன, விலையும் கூடியவை.

மூன்றாவது காரணம் போர். 1980களின் நடுப்பகுதியிலிருந்து வடகடலில் மீன்பிடி கடுந் தடைகளுக்கு உள்ளாயிற்று. கடற்புலிகள் வலுமிக்க வெளியிணைப்பு எஞ்சின்களைப் பயன்படுத்திய காரணத்தால், மீனவர் வைத்திருக்கக்கூடிய எஞ்சினின் குதிரைவலுவும் செல்லக்கூடிய தூரமும் நேரமும் கட்டுப்படுத்தப்பட்டன. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட எருக்கலம்பிட்டி முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் தம் தொழிற்கருவிகளையும் இழந்தே சென்றனர். அதே ஆண்டுகளில் பல்லாயிரம் தமிழர் இக்கரையிலிருந்து சிறு படகுகளில் ஏறி இராமேசுவரம் சேர்ந்தனர். மீன்பிடிக்கென வந்த எஞ்சின் உயிர்காக்கும் கருவியாகவும் மாறிற்று.

2009இல் போர் முடிந்தது. மீனவர் கடலுக்குத் திரும்பியபோது அங்கே நின்றவை தமிழ்நாட்டின் பெரும் இழுவைப் படகுகள். 1974, 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் கடலில் எல்லை வகுத்தன. ஆனால் வலுமிக்க டீசல் எஞ்சின்கள் அவ்வெல்லையை எளிதிற் கடந்தன. இழுவைப் படகுகள் வழமையாக வரும் திங்கள், புதன், சனி இரவுகளில் வலையிழக்க அஞ்சி மன்னார் மீனவர் பலர் கடலுக்குச் செல்லாதிருந்தனர். 2017இல் இலங்கைப் பாராளுமன்றம் அடிமட்ட இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது. எதிர்க்கரையில் அப்படகுகளில் வேலை செய்வோரும் கூலித் தொழிலாளரான தமிழரே என்பதை நாம் மறத்தலாகாது. இருப்பினும் மோதலில் சமநிலை இல்லை. ஒருபுறம் உள்ளிணைப்பு டீசல் எஞ்சின். மறுபுறம் இருவர் சுமக்கும் ஈரடிப்பு எஞ்சின்.

பொருளாதார நெருக்கடி இந்நிலையை மேலும் மோசமாக்கிற்று. 2012 பெப்ரவரியில் எரிபொருள் விலை உயர்ந்தபோது சிலாபத்தில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் மீனவரொருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022இல் மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிதாகிப் படகுகள் கரையில் முடங்கின. அவ்வாண்டு ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாவாக இருந்த அதன் விலை ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. மலிவான எண்ணெயை முன்னிட்டுப் பரவிய எஞ்சின், மலிவு மறைந்ததும் கடன் சுமையாயிற்று. முன்பு புலப்படாத அந்த நாலிலொரு பங்கு இழப்பு இப்போது ஒவ்வொரு நாளின் கணக்கிலும் தெரிகிறது.

இவ்வரலாற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. எந்த எஞ்சின் சிறந்தது என்பதைப் பொறியியல் நூல் மட்டும் தீர்மானிப்பதில்லை. கடலின் ஆழமும் கரையின் அமைப்பும் மீனவரின் அனுபவத்தால் அளக்கப்பட்டன. அவ்வளவில் ஈரடிப்பு அவர்களது அறிவார்ந்த தெரிவே. ஆனால் எண்ணெயின் விலையையும் குதிரைவலுவின் எல்லையையும் வகுத்தவர்கள் அவர்கள் அல்லர். பிறர் வகுத்த நிபந்தனைகளுள் செய்த தெரிவின் முழுச் சுமையும் இன்று அவர்கள் தோளில் விழுந்துள்ளது.

‘நான்கடிப்புக்கு மாறுங்கள்’ என்று அறிவுரை கூறுவது எளிது. கடனும் உதிரிப்பாகமும் திருத்துநர் பயிற்சியும் கிராமத்துக் கூட்டுறவுச் சங்கம் வரை சென்றடையாவிடின், அவ்வறிவுரை இன்னொரு கடனையே அவர்கள்மீது ஏற்றும். மன்னாரின் ஆழங் குறைந்த கடலில் எவ்வகை எஞ்சின் எவ்வளவு எரிக்கிறது, எத்தனை ஆண்டு உழைக்கிறது என்பதை மீனவரையும் உடன் வைத்துச் சோதித்தறிதல் வேண்டும். கடந்த அறுபது ஆண்டுகளாகப் பிறர் அவர்களுக்காகத் தீர்மானித்தனர். அடுத்த எஞ்சினைத் தேர்வதிலாவது அவர்களது குரல் முதலில் ஒலித்தல் வேண்டும்.