தீண்டாமை

‘தீண்டு’ என்னும் வினையோடு எதிர்மறை ‘ஆ’வும் ‘மை’ விகுதியும் சேர்ந்து பிறந்த பெயர். தீண்டுதல் என்றால் தொடுதல். திருக்குறளில் பிள்ளைகளின் உடல் தீண்டுவது பெற்றோர்க்கு இன்பமாகப் பேசப்படுகிறது. பாம்பு கடிப்பதையும் தீண்டுதல் என்பர். வேர்ச்சொல்லில் இழிவு ஏதுமில்லை. பிறப்பைக் காட்டி மனிதரை ஒதுக்கிய சாதிக் கொடுமைக்குப் பெயரானபோதே இச்சொல் கறைபட்டது. அக்கொடுமை தொடுதலோடு நிற்பதுமில்லை: கோயில் நுழைவு மறுப்பு, தேநீர்க் கடையில் தனிக்குவளை, பொதுக் கிணற்றில் தடை, தனிச் சுடுகாடு அனைத்தும் தீண்டாமையே. இந்திய அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சொல்லுக்கு வரையறை தரவில்லை. தீண்டாமையைக் கடைப்பிடிப்போரைத் தண்டிக்க 1955இல் வந்த தீண்டாமை (குற்றங்கள்) சட்டம், 1976இல் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாறியது.