ஒசாகாவில் பழகிய கை

பிரெட் மெஷினின் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் பாத்திரத்தின் சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள். வரப்பு மாதிரி ஒரு மேடு தட்டுப்படும். கழுவும்போதெல்லாம் கையில் இடறிய அந்த மேட்டை நான் பல மாதம் பொருட்படுத்தியதே இல்லை. மெஷின் பிறந்த கதையைப் படித்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது.

இன்று பானசோனிக் என்று நாம் அறிந்த ஒசாகாவின் மட்சுஷிடா நிறுவனம், 1984இல் மூன்று பிரிவுகளை ஒன்றாக்கியது. ரைஸ் குக்கர் செய்தவர்கள், சூடேற்றும் சாமான் செய்தவர்கள், மோட்டார் வைத்த சமையல் சாமான் செய்தவர்கள் எல்லாரும் ஒரே கூரைக்குள் வந்தார்கள். பிசைய, பொங்கவைக்க, சுட ஒரே பெட்டி என்ற யோசனை அங்கேதான் உருப்பெற்றது. ஆனால் முதலில் வந்த பிரெட்டுக்கு மேல்தோல் கருகியது, உள்ளே மாவு வேகவில்லை. மெஷின் பிசைந்த மாவையும் தேர்ந்த பேக்கரி மாஸ்டர் பிசைந்த மாவையும் எக்ஸ்ரே எடுத்துக்கூட ஒப்பிட்டார்கள். ஒன்றும் பிடிபடவில்லை.

அந்தக் குழுவில் மென்பொருள் எழுதியவர் இக்குகோ தனாகா. ஊரில் நல்ல பிரெட்டுக்குப் பேர்போன இடம் ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டல். அங்கிருந்த தலைமை மாஸ்டரிடமே தொழில் பழகலாம் என்று கிளம்பினார் தனாகா. கைப்பக்குவத்தை வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது. நம் பரோட்டா மாஸ்டரிடம் கேட்டுப் பாருங்கள், ‘இப்படித்தான்’ என்று இன்னொரு தடவை வீசிக் காட்டுவார். கூடவே நின்று பிசைந்து பிசைந்துதான் தனாகாவுக்கு விஷயம் பிடிபட்டது. மாஸ்டர் மாவை வெறுமனே இழுப்பதில்லை, இழுக்கும்போதே முறுக்கவும் செய்கிறார். அதை மெஷினுக்குள் கொண்டுவரத்தான் அந்த வரப்பு. பாத்திரத்தின் அடியில் சுழலும் துடுப்பு மாவை இழுத்துக்கொண்டு ஓடும், வரப்பு பிடித்து நிறுத்தும், நடுவில் மாவு முறுக்கிக்கொண்டு நீளும். என் விரலில் இத்தனை நாள் இடறியது ஒரு மாஸ்டரின் கை.

வெயில் காலத்தில் ஈஸ்ட் அளவுமீறிப் பொங்கிவிடும். குளிரூட்டும் பாகம் வைத்தால் விலை ஏறும். அதனால் ஈஸ்டை முதலிலேயே சேர்க்காமல், பிசைதல் கொஞ்சம் நடந்த பிறகு சேர்க்கும்படி வைத்தார்கள். 1987இல் ‘ஹோம் பேக்கரி’ என்ற பெயரில் மெஷின் கடைக்கு வந்தது. விலை சுமார் 36,000 யென். முதல் வருடமே 5 லட்சத்துக்கு மேல் விற்றது.

ஜப்பானியர் பிரெட்டை ‘பான்’ என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ‘பாண்’. இரண்டுமே போர்த்துக்கீசியர் விட்டுப்போன ஒரே சொல். யாழ்ப்பாணத்தில் இறாத்தல் பாண், அதாவது ஒரு பவுண்டு பாண், என்று கேட்டு வாங்குவார்கள். ஜப்பானில் அளவு ‘கின்’. பிரெட்டைப் பொறுத்தவரை அதுவும் ஆங்கிலேயரின் பவுண்டிலிருந்து வந்த கணக்குதான்.

மெஷின் ‘பீப்’ அடித்ததும் மாஸ்டரின் வேலை முடிகிறது. இனி நம் பொறுப்பு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். பிரெட்டைப் பாத்திரத்திலேயே விட்டால் ஆவி வெளியேற வழியின்றி அடிப்பக்கம் நமத்துப்போகும். உடனே கவிழ்த்து, கம்பித் தட்டில் வைத்து ஒரு மணி நேரமாவது ஆறவிட வேண்டும். சூட்டோடு வெட்டினால் கத்தியில் பசைபோல் ஒட்டும். சூட்டோடு பாலிதீன் பையில் போட்டால் பையின் உள்ளே முத்து முத்தாக வியர்க்கும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு மறுநாளே பூசணம். கடை பிரெட்டில் பூசணத்தைத் தடுக்க கால்சியம் புரோப்பியோனேட் சேர்ப்பார்கள். வீட்டு பிரெட்டில் அது கிடையாது.

ஃப்ரிட்ஜில் வைத்தால் நல்லது என்பதும் தப்பு. பிரெட் விறைப்பதற்குக் காரணம் ஈரம் போவது மட்டும் அல்ல. 1852லேயே பூசிங்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, ஈரம் வெளியேறாதபடி அடைத்து வைத்த பிரெட்டும் விறைத்துப்போவதையும், திரும்பச் சூடாக்கினால் இளகுவதையும் காட்டினார். ஃப்ரிட்ஜில் வைத்த சோறு மறுநாள் விதை விதையாக நிற்குமே, அதே சங்கதிதான். வெந்தபோது இளகிய மாவுச்சத்து மறுபடி இறுகிக்கொள்கிறது. ஃப்ரிட்ஜின் குளிரில் அந்த இறுக்கம் இன்னும் வேகமாக நடக்கும். ஃப்ரீசரின் உறைகுளிரில் கிட்டத்தட்ட நின்றுவிடும். அதனால் இரண்டு நாளில் தின்று தீர்ப்பதை வெளியே வையுங்கள். மீதியை ஆறிய அன்றே துண்டு போட்டு, காற்றை அழுத்தி எடுத்த பையில் கட்டி ஃப்ரீசருக்கு அனுப்புங்கள். காலையில் வேண்டிய துண்டை உருக விடாமல் அப்படியே டோஸ்டரில் போடலாம். தோசைக்கல்லிலும் போடலாம். சுட்ட அன்றிருந்த மணம் பெரும்பாலும் திரும்ப வந்துவிடும்.

அடிப்பக்கத்தில் துடுப்பு குத்திய ஓட்டையோடு சில துண்டுகள் வரும். அவற்றை நான் ஃப்ரீசருக்கு அனுப்புவதில்லை. வெண்ணெய் தடவி, அடுக்களையில் நின்றபடியே தின்றுவிடுவேன்.