கதவிடுக்கில் ஒரு வயர்

அப்பத்தாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பூம்பாறையின் படிக்கட்டு வயல்களில் அறுபது வருஷம் பூண்டு நட்டவள். "ஏறி எறங்குன காலு, வீங்காம என்னய்யா செய்யும்?" என்று அவளே சொல்லிவிட்டாள். பேஸ்மேக்கர் வைத்து ஏழு வருஷம் ஆகியிருந்தது. வருஷாவருஷம் மதுரைக்குக் கூட்டிப்போவோம். பேட்டரி நல்லாயிருக்கு, துடிப்பு நல்லாயிருக்கு என்பார்கள். குழந்தை வேலப்பர் கோயிலில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு அடுத்த வருஷம்வரை மறந்துவிடுவோம்.

எட்டாம் வருஷம் வயிறும் உப்பியது. எக்கோ எடுத்த டாக்டர், இதயத்தின் வலப்பக்கத்து ட்ரைகஸ்பிட் வால்வு சரியாக மூடவில்லை, பேஸ்மேக்கரின் வயர் அதன் ஒரு இதழைத் தடுத்துக்கொண்டிருக்கலாம் என்றார். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எனக்கு வந்த முதல் கேள்வி: நிமிஷத்துக்கு எழுபது தடவை மூடித் திறக்கிற கதவின் வழியாக வயரை இழுக்கலாம் என்று முடிவு செய்தது யார்?

உடலுக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கரில் அப்படி இல்லை. 1958 அக்டோபர் 8, ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா மருத்துவமனை. நோயாளி ஆர்னே லார்சன், வயது 43. பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து எபாக்ஸியில் கருவியை வார்த்தார். ஓகே செனிங் நெஞ்சைத் திறந்து இதயத்தின் வெளித்தசையில் வயரைத் தைத்தார். சில மணி நேரத்தில் கருவி நின்றுபோனது. மாற்றுக் கருவி வைத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றி, லார்சன் 2001 வரை வாழ்ந்தார்.

ஆனால் எல்லாராலும் நெஞ்சைத் திறக்கிற அறுவையைத் தாங்க முடியாது, குறிப்பாக வயதானவர்களால். அதே 1958இல் நியூயார்க்கின் மான்டிஃபியோர் மருத்துவமனையில் சீமோர் ஃபர்மன் என்ற இளம் மருத்துவர் கை சிரை வழியாக வயரை இதயத்துக்குள் அனுப்பினார். சிரை வழி புதிதல்ல. 1929இல் வெர்னர் ஃபோர்ஸ்மன் தன் கையிலேயே குழாயைச் செருகி, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படமெடுத்துக் காட்டியிருந்தார். ஃபர்மனின் நோயாளி ஒருவரின் இதயம் அந்த வயரை நம்பி 96 நாள் துடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் இதுவே உலக வழக்கமானது. வலது மேலறையிலிருந்து கீழறைக்குப் போக நடுவே இருக்கும் ட்ரைகஸ்பிட்டைத் தாண்டியாக வேண்டும். அந்த வயர் வாழ்நாளெல்லாம் கதவிடுக்கில் கிடக்கும்.

அதன் விலை தெளிவாகத் தெரிய வெகுகாலமானது. 2005இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், இப்படிப்பட்ட வயரால் வால்வு கெட்டு அறுவைக்கு வந்த 41 பேரைப் பற்றி எழுதினார்கள். 16 பேருக்கு வயர் இதழை மூடவிடாமல் தடுத்திருந்தது. 14 பேருக்கு இதழோடு ஒட்டி வளர்ந்திருந்தது. 7 பேருக்கு இதழைத் துளைத்திருந்தது. 4 பேருக்கு வால்வின் நாண்களில் சிக்கியிருந்தது. அறுவைக்கு முந்தைய சாதாரண எக்கோவில் வயர்தான் காரணம் என்று தெரிந்தது 5 பேருக்கு மட்டும்.

ட்ரைகஸ்பிட்டை மருத்துவர்களே 'மறக்கப்பட்ட வால்வு' என்பார்கள். பேஸ்மேக்கர் சோதனை பேட்டரியையும் வயரின் மின்தடையையும் துடிப்பையும் அளக்கும். வால்வைப் பார்க்காது. எங்கள் தொழிலிலும் இது நடக்கும்: நாம் எழுதிய துண்டு பச்சை விளக்கு காட்டிக்கொண்டே இருக்கும், பக்கத்துத் துண்டு சாகும். கால் வீங்கினால் வயசு என்போம், மலை என்போம்.

2016இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மைக்ரா, வயரே இல்லாத மாத்திரையளவு கருவி. நேராகக் கீழறையிலேயே உட்காரும். அதிலும் சிலருக்குக் கசிவு கூடியிருக்கிறது. கதவு மட்டுமல்ல, கீழறையைத் துடிக்க வைக்கும் இடமும் காரணமாகலாம்.

அப்பத்தாவுக்கு வயரை எடுக்க முடியாது என்றார்கள். எட்டு வருஷத்தில் சதையோடு சதையாகியிருக்கும், இழுத்தால் இதழ் கிழியலாம். நீர் பிரியும் மாத்திரை, உப்பு குறைவு, அவ்வளவுதான். திரும்பி வரும்போது எல்லாவற்றையும் அவளிடம் விளக்கினேன்.

"அந்தக் கம்பி இல்லாட்டி?"

"பூண்டு வயல்ல மயங்கி விழுந்தியே அப்பத்தா, அன்னிக்கே முடிஞ்சிருக்கும்."

"பெறகென்ன, கெடக்கட்டும்."

இப்போது மதுரைக்குப் போனால் பேட்டரியோடு திரும்புவதில்லை. எக்கோவும் எடுக்கச் சொல்கிறோம். அதை ஏழு வருஷம் முன்பே கேட்டிருக்கலாம்.