மக்டெபுர்க் அறிக்கை (1550)

மக்டெபுர்க் அறிக்கை என்பது ஜெர்மனியில் எல்பே ஆற்றங்கரையிலுள்ள மக்டெபுர்க் நகரின் லூத்தரன் போதகர்கள் 1550 ஏப்ரலில் வெளியிட்ட விசுவாச அறிக்கை. கொடுங்கோன்மையை எதிர்ப்பது பற்றிய கிறிஸ்தவச் சிந்தனையில் இதற்குத் தனி இடம் உண்டு. நிக்கோலாஸ் ஃபான் ஆம்ஸ்டோர்ஃப் முதலாக ஒன்பது பேர் கையொப்பமிட்டனர். இதை எழுதியதில் பெரும்பங்கு நிக்கோலாஸ் கல்லுஸுக்கு உரியது என்பர்.

1547இல் புராட்டஸ்டன்ட் சிற்றரசர்களைப் போரில் முறியடித்த பேரரசர் ஐந்தாம் சார்லஸ், மறு ஆண்டு ஆக்ஸ்பர்க் இடைக்கால ஆணையைப் பிறப்பித்தார். குருமார் மணம் செய்துகொள்ளவும், திருவிருந்தில் சபையாரும் திராட்சரசம் பெறவும் அது இடம் தந்தது. மற்றபடி ஏழு திருவருட்சாதனங்கள், பழைய பூசைமுறை எல்லாம் திரும்பின. சடங்குகளில் விட்டுக்கொடுக்கலாம் என்றார் லூத்தரின் உடனுழைப்பாளராக இருந்த மெலாங்க்தன். மக்டெபுர்க் மறுத்துவிட்டது. பிற ஊர்களிலிருந்து துரத்தப்பட்டோர் அங்கே அடைக்கலம் புகுந்தனர். ஆணையைக் கண்டித்து நகரின் அச்சகங்கள் ஓயாமல் பிரசுரங்களை வெளியிட்டதால், 'ஆண்டவரின் எழுத்தகம்' என்றே அந்நகரை அழைத்தார்கள்.

அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லும் ரோமர் 13ஆம் அதிகாரத்தை இந்தப் போதகர்கள் ஒதுக்கிவிடவில்லை. அதையே தங்கள் ஆதாரமாக எடுத்துக்கொண்டார்கள். நன்மை செய்வோரைக் காக்கவும் தீமை செய்வோரைத் தண்டிக்கவுமே கடவுள் ஆட்சியை ஏற்படுத்தினார் என்கிறார் பவுல். அதைத் தலைகீழாக்குபவர் அந்த அளவில் கடவுளின் ஊழியர் அல்லர். நகர மன்றமும் கடவுள் ஏற்படுத்திய அதிகாரமே; ஆகவே தன் மக்களைக் காக்கும் கடமை அதற்கும் உண்டு. அறிக்கையின் உயிர்நாடி இதுதான்.

அதற்காக எல்லா அநீதிக்கும் வாளெடுக்க அது சொல்லவில்லை. கொடுமையை நான்கு படிகளாகப் பிரித்தது. சிறு குற்றங்களைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். உயிருக்கும் உடைமைக்கும் கொடிய தீங்கு நேர்ந்தால் கீழ்நிலை ஆட்சியாளர்கள் தற்காத்துக்கொள்ளலாம், ஆனால் பாவமின்றிச் சகித்துக்கொள்ளவும் முடியும். பாவம் செய்யும்படி மேலதிகாரம் வற்புறுத்தும்போது எதிர்ப்பது கடமையாகிறது. ஆட்களை மட்டுமன்றி நீதியையும் கடவுளின் சட்டத்தையுமே ஒழிக்க முனைவது நான்காம் படி, எல்லாவற்றிலும் கொடியது. தனிமனிதர்கள் கிளர்ச்சி செய்வதற்கு இதில் இடமில்லை. பதவிப் பொறுப்புள்ளவர்களையே அது முன்னிறுத்தியது. கோட்பாட்டின் பலமும் அதுவே, பலவீனமும் அதுவே: மன்றத்தில் இருப்பவர்கள் அஞ்சி ஒதுங்கினால், எளிய மக்களுக்குப் பொறுமையைத் தவிர வேறு வழி கிடைக்கவில்லை.

பேரரசருக்காக நகரை முற்றுகையிட்டவர் சாக்சனியின் மோரிட்ஸ், அவரும் லூத்தரன். ஓராண்டுக்கும் மேல் நீடித்த முற்றுகை, 1551 நவம்பரில் உடன்பாட்டில் முடிந்தது. மறு ஆண்டே மோரிட்ஸ் பேரரசருக்கு எதிராகத் திரும்பினார். 1555இல் ஆக்ஸ்பர்க் சமாதானம் லூத்தரன் சமயத்துக்குச் சட்ட ஏற்பு அளித்தது.

1572இல் பிரான்சில் ஹ்யூகனோக்கள் எனப்படும் புராட்டஸ்டன்ட்கள் படுகொலை செய்யப்பட்டபின், ஜெனீவாவின் சீர்திருத்தச் சபைத் தலைவர் தியோடர் பேசா, கீழ்நிலை ஆட்சியாளர்களின் எதிர்ப்பு பற்றிய அறிக்கையின் கருத்தை ஒரு நூலாக விரித்து எழுதினார். பிரான்சின் பகைக்கு அஞ்சி ஜெனீவா மன்றம் அதை வெளியிட அனுமதி மறுத்தது. 1574இல் அந்நூல் ஆசிரியர் பெயரில்லாமல் பிரெஞ்சில் வெளியானது. 1550இல் மக்டெபுர்க் மக்கள் வெளியிட்ட நூலின் திருத்திய பதிப்பு என்று அதன் முகப்பில் அச்சிடப்பட்டிருந்தது.