முறை: உறவுக்கும் நீதிக்கும் ஒரே சொல்

கல்யாண வீட்டில் அறிமுகமில்லாத இருவர் பேச ஆரம்பித்தால், ஊரும் பேரும் விசாரித்து முடிந்ததும் கேள்வி இப்படி வந்து நிற்கும்: "அப்ப நீங்க எனக்கு என்ன முறை வேணும்?" 'சொந்தம்', 'உறவு' என்ற சொற்கள் கைவசம் இருந்தும் இந்த இடத்தில் நாவில் வருவது 'முறை'தான். மானிடவியல் மாணவியாகக் குடும்ப உறவுகளைப் படிக்கத் தொடங்கிய பிறகு, இந்தச் சொல்லைப் பின்தொடர்ந்தாலே பாடத்தின் பாதி விளங்கிவிடும் என்று எனக்குத் தோன்றியது.

முறைக்கு அடிப்படைப் பொருள் ஒழுங்கு, வரிசை. ஒன்றன்பின் ஒன்றாக வருவதால் தடவைக்கும் அதுவே பெயர்: முதல் முறை, இரண்டாம் முறை. பல குடித்தனங்கள் உள்ள வீட்டில் ஆளுக்கொரு நாள் வாசல் தெளிப்பது முறைவாசல். தண்ணீர் குறைந்த காலத்தில் மடைகளைத் தவணை வைத்துத் திறப்பது முறைப்பாசனம். ஒருவர் பின் ஒருவராகப் பிறந்து வரும் வரிசை தலைமுறை. சைவப் பாடல்களைத் தொகுத்து வரிசைப்படுத்தியபோது அவை திருமுறை ஆயின. இவற்றுக்கெல்லாம் மேலாக, முறை என்றால் நீதி. திருக்குறளின் செங்கோன்மை அதிகாரம் தொடக்கக் குறளிலேயே, யாரிடமும் சாயாமல் ஆராய்ந்து வழங்கும் தீர்ப்பை முறை என்கிறது. அரசனிடம் நியாயம் கேட்பது முறையிடுதல். இலங்கைத் தமிழில் காவல் நிலையத்தில் கொடுக்கும் புகார் இன்றும் முறைப்பாடுதான்.

உறவைக் குறிக்கும் பொருளும் பழையதே. உறவுப் பெயர்களுக்குத் தொல்காப்பியம் சூட்டிய பெயர் 'முறைப்பெயர்'. எழுத்ததிகாரத்தில், சொல்லின் முதலில் குற்றியலுகரம் வருவது ஒரு முறைப்பெயரில் மட்டுமே என்கிறது. அந்தச் சொல் நுந்தை, அதாவது உன் தந்தை. சொல்லதிகாரத்தில் விளிமரபு, 'ஐ'யில் முடியும் முறைப்பெயர்கள் அழைக்கும்போது 'ஆ' என்று முடிவதும் உண்டு என்கிறது: அன்னை, அன்னா, அத்தை, அத்தா. மகன், மகள் என்ற சொற்கள் பொதுவாக ஆண், பெண் என்ற அளவில் நிற்கும்போது அவற்றைத் தொல்காப்பியம் 'முறைமை சுட்டாதவை' என்று தனியே பிரிக்கிறது.

அந்தக் காலத்து முறைப்பெயர்கள் பல யாருடைய உறவு என்பதையும் சேர்த்தே சொல்லின. என் தந்தை எந்தை, உன் தந்தை நுந்தை, அவர் தந்தை தந்தை. என் தாய் யாய், உன் தாய் ஞாய். என் தம்பி எம்பி, உன் தம்பி நும்பி. தந்தை, தாய், தம்பி, தங்கை என இன்று நம்மிடம் எஞ்சியிருப்பவை பெரும்பாலும் 'அவருடைய' என்ற வடிவங்கள். யாருக்கு என்பதையும் உறவுப் பெயருக்குள்ளேயே சொல்லிவிட்ட மொழியாக இது இருந்திருக்கிறது.

இனி, சொல் சுட்டும் பொருளுக்கு வருவோம். அப்பாவின் சகோதரர்கள் பெரியப்பா, சித்தப்பா. அம்மாவின் சகோதரிகள் பெரியம்மா, சின்னம்மா. பெயரிலேயே அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள். ஆகவே அவர்கள் பிள்ளைகள் நமக்கு அண்ணன், தங்கை. அப்பாவின் சகோதரி அத்தை. அம்மாவின் சகோதரர் மாமா. அவர்கள் பிள்ளைகள் மச்சான், முறைப்பெண், முறைப்பையன். சித்தப்பா மகளும் மாமன் மகளும் மரபணுக் கணக்கில் ஒருவனுக்கு ஒரே தூரம்தான். இருவரோடும் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணு பொது. ஆனால் ஒருத்தி தங்கை, மற்றவள் கட்டிக்கொள்ளும் முறை. இரத்தம் போடாத கோட்டை முறை போடுகிறது.

இதை உலகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோனவர் அமெரிக்கர் லூயிஸ் ஹென்றி மார்கன். இராகுவாய் மக்களிடையே தந்தையின் சகோதரனையும் தந்தை என்றே அழைப்பதைக் கண்டவர், பல நாடுகளுக்கும் கேள்விப் பட்டியல் அனுப்பினார். மிஷனரிகள் வழியே கிடைத்த தமிழ், தெலுங்கு உறவுப் பெயர்கள் பெரும்பாலும் அதே அமைப்பில் இருந்தன. 1871இல் வெளிவந்த அவருடைய பெரிய நூல் இந்த ஒற்றுமையைக் கொண்டு அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று வாதிட்டது. வாதத்துக்கு அந்தச் சான்று போதாது. ஆனால் உறவுமுறை ஆய்வு என்ற துறை அங்கேதான் பிறந்தது. பின்னர் மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளரிடையே ஆய்வு செய்த பிரெஞ்சு அறிஞர் லூயி துய்மோன், 1953இல் எழுதிய கட்டுரையில் ஒரு படி மேலே போனார். மாமன் என்பவரை 'அம்மாவின் சகோதரர்' என்று மட்டும் பார்க்காமல், 'அப்பாவின் சம்பந்தக்காரர்' என்று பார்க்கச் சொன்னார். பங்காளி உறவு வழிவழியாக வருவதுபோலவே கொள்வினை கொடுப்பினையும் தலைமுறை தாண்டி வருகிறது என்பது அவர் கண்டது. மாமனாரையும் மாமா என்று நாம் அழைப்பதன் பொருள் அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது.

சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் திண்ணையில் புளி தட்டிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் இந்தக் கணக்கை என் கண்முன்னே போட்டுக் காட்டினார். "ஒங்க அம்மா பொறந்த ஊரு எது?" என்றார். சொன்னேன். "கும்புடுற சாமி?" சொன்னேன். "அவளப் பெத்தவரு பேரு?" அதையும் சொன்னதும் கை நின்றது. "எங்க வீட்டுக்காரருக்கு அண்ணன் முறைல்ல! அப்ப ஒங்கம்மா எனக்கு மக. நீ பேத்தி." குலசாமி பங்காளியைக் காட்டியது; தாத்தா பெயர் தலைமுறையைக் காட்டியது. வயலிலிருந்து வந்த அவர் மகன் விவரம் கேட்டதும், "வா மருமகளே, சாப்பிட்டியா?" என்றார். சகோதரியின் மகளுக்கும் மகனின் மனைவிக்கும் ஒரே சொல். அதுவரை 'வாங்க, போங்க' என்று பேசிய வீடு அந்த நொடியில் உரிமையோடு பேச ஆரம்பித்துவிட்டது.

உரிமை வந்தால் கடமையும் வரும். காதுகுத்துக்கும் சடங்குக்கும் தாய்மாமன் தட்டுகளோடு வந்து நிற்பதற்கு 'முறை செய்வது' என்று பெயர். அதுவே சீர்வரிசையும்கூட. தெலுங்கில் உறவுமுறையைக் குறிக்கும் சொல் 'வரஸ'. நம் வரிசைதான் அது. ஒழுங்கைக் குறிக்கும் சொல்லே உறவையும் குறிப்பது இரண்டு மொழிக்கும் பொது. மலையாளத்தில் எம்.டி. வாசுதேவன் நாயர் எழுதி 1965இல் வந்த படத்தின் பெயரே 'முறப்பெண்ணு'.

முறை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. தமிழ்நாட்டில் பல சமூகங்களில் அக்கா மகள் கட்டும் முறை. யாழ்ப்பாணத்தில் அது முறையற்றது. அங்கே மச்சாளைக் கட்டலாம், மருமகளைக் கட்ட முடியாது. தென்மாவட்டங்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் மாமன், மச்சான் என்று முறை சொல்லி அழைத்துக்கொள்வார்கள். அங்கே கொள்வினை கொடுப்பினை இல்லை, ஆனால் நல்லது கெட்டதுக்குப் போய் நிற்கும் கடமை உண்டு. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் மாமன்–மருமகள், அத்தை பிள்ளை–மாமன் பிள்ளை மணங்களைத் தடுத்தாலும், வழக்கம் அனுமதித்தால் விலக்கு அளிக்கிறது. மரபணு மருத்துவம் விலக்கு அளிப்பதில்லை; நெருங்கிய இரத்தத்தில் மணந்தால் பிள்ளைகளுக்குப் பரம்பரை நோய் வரும் வாய்ப்பு கூடும் என்று எச்சரிக்கிறது.

படிக்கப் படிக்க எனக்கு உறுதியான எண்ணம் இதுதான்: உறவு என்பது மனிதர்கள் ஏற்படுத்திக்கொண்ட ஒழுங்கு. தனி மனிதரை அந்தரத்தில் விடாமல், அவருக்கு ஓர் இடமும் கேட்க நாலு பேரும் கொடுத்ததால் அந்த ஒழுங்கை நான் நேசிக்கிறேன். அதே காரணத்தால் அதன் கொடுமையையும் சொல்ல வேண்டும். "அவ எனக்கு முறைப்பொண்ணு, எனக்கு இல்லாம யாருக்குக் கட்டிக் கொடுப்பீங்க?" என்று பஞ்சாயத்தில் ஒருவன் நிற்கும்போது, அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்பதில்லை. உரிமை முழுவதும் அவன் பக்கம், கடமை முழுவதும் அவள் பக்கம் என்றால் அதற்குப் பெயர் முறைகேடு.

எந்தப் பக்கமும் சாயாத தீர்ப்பையும் உறவின் பாசத்தையும் ஒரே சொல்லுக்குள் வைத்த மொழி நம்முடையது. அந்த இரண்டு பொருளும் ஒன்றையொன்று கேள்வி கேட்கட்டும். ஒரு பெண் 'எனக்கு இதில் சம்மதம் இல்லை' என்று வீட்டாரிடம் முறையிட்டால், அவளுடைய மாமனும் சித்தப்பாவும் செய்ய வேண்டிய முதல் முறை அவள் பக்கத்து நியாயத்தைக் கேட்பதுதான்.