பருவமாற்றம் குறித்த வீட்டுக் கல்வி

உடல் வளர்ச்சி, பூப்பு, கருவுறுதல், பிறப்பு, உடல் பாதுகாப்பு ஆகியவற்றைப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு வயதறிந்து சொல்லித் தருவது. யுனெஸ்கோ 2009-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய வழிகாட்டி நூல் இதற்கான பாடங்களை ஐந்து வயதிலிருந்தே தொடங்குகிறது. இந்தியாவில் 2005-இல் பள்ளிகளுக்கென வந்த வளரிளம் பருவக் கல்வித் திட்டத்தை 2007-இல் மகாராஷ்டிரம், குஜராத், கர்நாடகம் உள்ளிட்ட மாநிலங்கள் எதிர்த்து நிறுத்தின. பள்ளி தயங்கும் இடத்தில் பொறுப்பு வீட்டுக்கு வருகிறது. தமிழ் வீடுகளில் அதை ஏற்பவர் பெரும்பாலும் தாய்; அடுத்து அத்தை, அக்கா, பாட்டி.

முதல் கேள்வி மூன்று நான்கு வயதில், பெரும்பாலும் தம்பியோ தங்கையோ பிறக்கும்போது எழுகிறது. "உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்" என்பது பழைய பதில். கேலியாகச் சொன்னாலும், தான் இந்த வீட்டுப் பிள்ளை இல்லையோ என்று ஏங்கும் குழந்தைகள் உண்டு. அம்மாவின் வயிற்றில் கருப்பை என்றொரு பை இருக்கிறது, பாப்பா அதில் வளர்ந்தது என்ற பதிலே அந்த வயதுக்குப் போதும். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவை சிகிச்சை மூலம் நடந்தவை. ஆகவே பல வீடுகளில் தாயின் வயிற்றுத் தழும்பைப் பார்த்தே பேச்சு தொடங்கிவிடும். மற்றக் குழந்தைகள் அம்மாவின் பிறப்புறுப்பு வழியாக வெளியே வருவார்கள் என்பதையும் அப்போதே சேர்த்துச் சொல்லிவிடலாம்.

கை, கால், மூக்கு போலவே ஆண்குறி, பெண்குறி என்ற பெயர்களையும் குழந்தை குளிக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். யாராவது தவறாகத் தொட்டால், எங்கே தொட்டார் என்று சொல்ல அதற்குச் சொல் வேண்டும். செல்லப் பெயரும் "ச்சீ"யும் மட்டுமே பழகிய குழந்தை அந்த இடத்தில் வாயடைத்துப் போகிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. உதவிக்கு அழைக்கும் எண் 1098. தொட்டவர் உறவினராக இருந்தாலும் சொல்லலாம், சொன்னால் அடி விழாது என்பதைப் பெற்றோர் பலமுறை உறுதிப்படுத்த வேண்டும்.

தமிழர் வீடுகளில் மிகுந்த கவனம் பெறும் நிகழ்வு பெண்ணின் பூப்பு. தமிழ்நாட்டில் மஞ்சள் நீராட்டு, இலங்கையில் சாமத்தியச் சடங்கு. பத்திரிகை அடித்து, தாய்மாமன் சீர் வந்து, ஊருக்கே விருந்து வைத்தும், பெண்ணுக்கு நடந்தது என்ன என்பதை யாரும் அவளிடம் சொல்லாத வீடுகள் இன்றும் உள்ளன. உள்ளாடையில் ரத்தம் கண்டு ஏதோ நோய் என்று பள்ளிக் கழிவறையில் அழுத பெண்களுக்கு அந்தப் பந்தலும் பலகாரமும் ஈடாகா. உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் தரும் அக்கறையோடு விளக்கமும் சேர வேண்டும். அது முன்கூட்டியே வர வேண்டும்.

எப்போது என்பதை உடலே காட்டும். பெண்களுக்குப் பருவமாற்றம் 8 முதல் 13 வயதுக்குள் மார்பு அரும்புவதில் தொடங்குகிறது. அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு மூன்று ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வருகிறது. அந்த இடைவெளியே தாய்க்குக் கிடைக்கும் அவகாசம். நாப்கினின் அடித்தாளை உரித்து, உள்ளாடையில் ஒட்டி, இறக்கைகளை அடிப்பக்கமாக மடித்துக் காட்டுவது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது. பழையதைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போடப் பழக்குவது. பள்ளிப்பையில் ஒரு நாப்கினும் மாற்று உள்ளாடையும் வைத்துவிடுவது: இதற்கு அரை மணி நேரம் போதும். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே முதல் நாளை வட்டமிடச் சொல்லலாம். தொடக்க ஆண்டுகளில் சுழற்சி 21 முதல் 45 நாள் வரை மாறி வருவது இயல்பு. 8 வயதுக்கு முன்பே மார்பு வளர்ந்தாலும், 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ரத்தசோகையைத் தடுக்கப் பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை விழுங்குகிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். தீட்டு என்று தனித்தட்டும் தனிப்பாயும் கொடுத்து ஒதுக்கும் வீட்டில், தாய் சொல்லும் நல்ல விளக்கம் எதுவும் நிற்காது.

ஆண் பிள்ளைக்கு விழாவும் இல்லை, விளக்கமும் இல்லை. 9 முதல் 14 வயதுக்குள் விரைகள் பெரிதாவதில் தொடங்கும் மாற்றம், குரல் உடைந்து மீசை அரும்பிய பிறகே வீட்டாரின் கண்ணில் படுகிறது. தூக்கத்தில் விந்து வெளியேறுவது இயல்பு, அதனால் ரத்தமோ வலுவோ குறைவதில்லை என்ற ஒரு செய்தியை அப்பா சொல்லாததால், ஊர் ஊராக லாட்ஜில் தங்கி "நரம்புத் தளர்ச்சி"க்கு லேகியம் விற்பவர்களிடம் பணத்தையும் நிம்மதியையும் இழந்த இளைஞர்கள் ஏராளம். இந்த அச்சத்தை மனநல மருத்துவம் தாத் நோய்க்குறி என்று பெயரிட்டே ஆராய்ந்துள்ளது. விஜய் தொலைக்காட்சியின் "புதிரா புனிதமா" நிகழ்ச்சியில் மனநல மருத்துவர் மாத்ருபூதம் இத்தகைய ஐயங்களுக்கு வெளிப்படையாகப் பதில் சொன்னார். அக்காவுக்கு ஏன் வயிற்றுவலி, அவளுக்கு ஏன் ஓய்வு என்பதும் ஆண் பிள்ளை அறிய வேண்டிய பாடமே.

அப்பாவுக்கு வாய் வராவிட்டால் சித்தப்பாவோ மாமாவோ பேசலாம். 2014-இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவ நிலையங்களில் இந்த வயதினருக்கென ஆலோசனை மையங்கள் உள்ளன. ஆண் பிள்ளைகளும் அங்கே போகலாம்.